மதிலோரத்து வெட்சி

வாருங்கள், செட்டிபாளையத்துக்கு வாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த மணல்நிலத்தில், இன்னும் வெள்ளை பூசாத ஒரு புது மதிலின் ஓரமாக வந்து நில்லுங்கள். வேடிக்கை பார்ப்பதற்கு ஊரில் ஆள் போதும். சாட்சியாக நிற்கத்தான் இந்த அழைப்பு. இதோ, இடுப்பளவு உயர்ந்த ஒரு வெட்சிச் செடி. சென்ற வைகாசியில் கொத்துக் கொத்தாகச் சிவந்து நின்ற செடி. இன்று அதன் இளம் இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, மொட்டு விரியுமுன்பே உதிர்கின்றன. அதோ, சமைக்கும் குசினியின் வாசலில் நிற்கும் பிள்ளையையும் பாருங்கள். பெயர் யதுஷா, வயது பதின்மூன்று. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறாள். செடியைக் கொன்றவள் அவள்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. அவளை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவளுக்காகப் பேச ஒருவரும் எழவில்லை. அவள் செய்த குற்றம், அவள் உடம்பு வளர்ந்ததுதான்.

செடியின் வரலாறு சிறியது. மூன்று ஆண்டுகளுக்கு முன், வாவியின் மேற்கே படுவான்கரையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தபோது, வயல்வட்டையை அடுத்த பற்றைக்காட்டில் தானாக முளைத்து நின்ற வெட்சியை யதுஷா கண்டாள். பூக்காம்பை இழுத்துத் தேன் உறிஞ்சினாள். கறுக்கப் பழுத்த பழங்களைத் தின்று நாக்கைச் சிவப்பாக்கினாள். திரும்பும்போது ஒரு கொப்பை முறித்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எக்சோறா எண்டா கடையில வாங்கலாம்தானே, மனே," என்றாள் தாய் தக்ஷாயினி. கடைகளில் வெட்சிக்கு அதுதான் பெயர்.

"அது கடைக்கு வந்தது. இது நம்மட காட்டில பிறந்தது, அம்மா."

மணலில் வெட்சி இலேசில் வேர் பிடிக்காது. யதுஷா குழியை ஆழமாக வெட்டினாள். தகப்பன் சுதாகரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, படுவான்கரையிலிருந்து கறுப்பு மண்ணை உரப்பையில் அள்ளி வந்து நிரப்பினாள். தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய தண்ணீர், வேப்பஞ்சருகு எல்லாம் அந்தக் குழிக்கே போயின. முதல் ஆண்டு இலை மட்டும் வந்தது. அடுத்த ஆண்டு ஒற்றைக் கொத்து பூத்தபோது, பள்ளிக்கூடம் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்று ஏச்சு வாங்கினாள். மூன்றாம் ஆண்டில் அம்மன் சடங்குக்கு ஒரு கூடை நிறையப் பூக் கொடுத்தாள்.

யதுஷாவின் வீடும் தோட்டமுமான வளவுக்கு அடுத்த வளவு பெரியம்மா கேதீஸ்வரியுடையது. தக்ஷாயினியும் அவளும் உடன்பிறந்தவர்கள். தாய்வளவு இரண்டாகப் பிரிந்து இருவருக்கும் சீதனமாகிவிட, நடுவே தென்னோலைக் கிடுகு வேலி ஒன்று மட்டும் இருந்தது. அந்த வேலியில் பொட்டாக விட்டிருந்த இடைவெளியால் கறி போகும், ஊர்ப்புதினம் வரும். யதுஷா தன் செடியில் பதியன் வைத்து எடுத்த கன்று ஒன்றும் அதே பொட்டால்தான் பெரியம்மாவுக்குப் போயிற்று. அவள் அதை வேலியின் மறுபுறத்தில், தாய்ச்செடிக்கு நேர் எதிரே நட்டுக்கொண்டாள்.

மாசி மாதத்தில் யதுஷா பெரியபிள்ளையானாள். "குமர் இரிக்கிற வளவுக்குக் கிடுகு காணுமா, தம்பி? கட்டு மதிலை," என்று கேதீஸ்வரி சுதாகரனிடம் சொன்னாள். சுதாகரன் கல் வைத்துக் கட்டும் மேசன். ஊரில் பாதி மதில்கள் அவன் கையால் எழுந்தவை. தன் வீட்டு மதில் மட்டும் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. சாமத்தியச் சடங்குக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று இராப்பகலாக நின்று கட்டினான். வேலியைப் பிடுங்கினான், வெட்சியின் வேரை உரசிக்கொண்டு அத்திவாரம் வெட்டினான், கல் அடுக்கினான், சாந்து பூசினான். சடங்குக்கு வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்ததைவிட மதிலைப் பார்த்தது அதிகம்.

செடி மஞ்சளாகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் பூக் கொய்ய வந்த கேதீஸ்வரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செடியின் முன் நின்றுவிட்டாள்.

"இதென்ன கா தக்ஷா, செடிக்கு மஞ்சள் செங்கமாரி பிடிச்சிரிக்கி?"

"தெரியா, அக்கா. தண்ணி எல்லாம் ஒழுங்காத்தான் போகுது."

"ஆர் ஊத்திற?"

"பிள்ளைதான்."

கேதீஸ்வரி திரும்பினாள். யதுஷா கிணற்றடியில் வாளியோடு நின்றாள்.

"எல்லா நாளும் நீதான் ஊத்திறயா?"

"ஓம், பெரியம்மா."

"எல்லா நாளும் எண்டா?"

மாதவிலக்கு நாட்களையும் சேர்த்தே கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்டு பிள்ளை தலைகுனிந்தாள். அந்தக் குனிவே போதுமான சாட்சியமாயிற்று. "துடக்கோட பூமரத்தத் தொட்டா அது நிக்குமா? வெத்திலைக் கொடி கருகும், கறிவேப்பிலை பட்டுப்போகும். இது அம்மனுக்குப் போற பூ. இவ்வளவு நாள் பச்சையா நிண்டது. இவள் பெரியபிள்ளையான மாசத்தில மஞ்சளாகுது. இதுக்கு மேல ஆர் வந்து சொல்லணும்?" என்று கேதீஸ்வரி சொல்லி முடித்தாள். அவள் கொடுமைக்காரி அல்லள். யதுஷாவுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவள். தன் தாய் தனக்குச் சொன்னதை அவள் பிள்ளைக்குச் சொன்னாள். அநீதி எப்போதும் அரக்க முகத்தோடு வருவதில்லை. அது தலைவாரிப் பொட்டு வைத்துவிடும் கையோடும் வரும்; அப்போதுதான் அதை எதிர்ப்பது கடினம்.

சுதாகரன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. தக்ஷாயினி குசினிக்குள் திரும்பினாள். அவள் தானும் அந்த நாட்களில் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிப் போனவள்தான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

யதுஷா வாளியை வைத்தாள். அன்றோடு செடிக்குப் போவதை விட்டாள். பிறகு கறிவேப்பிலை ஒடிக்கச் சொன்னால் தன் சின்னத் தம்பியை அனுப்பச் சொன்னாள். பின்வீட்டுக் கைக்குழந்தை கையை நீட்டித் தாவினால் இரண்டடி பின்னால் போனாள். பள்ளிக்கூடத் தோட்டத்தில் கத்தரிக் கன்று நடும் நாளன்று கையில் புண் என்று பொய் சொல்லித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பாசிரியை கேட்டு அனுப்பியபோதுதான் தக்ஷாயினிக்கு அது தெரியவந்தது. அன்று மாலை கிணற்றடிக்குப் போனவள், பிள்ளை தேங்காய்த் தும்புக் கட்டையால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தோல் சிவந்து போயிருந்தது.

"என்ன மனே செய்யிறாய்?"

"என்ட கையில என்னவோ இரிக்கி, அம்மா. கழுவினாப் போகுதில்ல."

தக்ஷாயினி தும்பைப் பறித்து எறிந்தாள். செடி போனால் இன்னொரு கொப்பு ஒடித்து வரலாம், காடு அங்கேதான் இருக்கிறது. தன் கை நஞ்சு என்று இந்தப் பிள்ளை நம்பிவிட்டால், அந்தக் கையால் அவள் எதைச் செய்வாள்? சோறு போடும்போது கூசுவாள். பேனை பிடிக்கும்போது கூசுவாள். நாளை பெறப்போகும் பிள்ளையைத் தூக்கும்போதும் கூசுவாள்.

மறுநாள் காலை அனைவரும் போன பின், அவள் முதன்முறையாகச் செடியின் முன் குந்தியிருந்து அதைப் பார்த்தாள். இலை மஞ்சளாக இருந்தது, ஆனால் நரம்பு பச்சையாக இருந்தது. மதிலைப் பார்த்த பக்கத்துக் கொப்புகள்தாம் மோசம். முற்றத்தைப் பார்த்த பக்கம் ஓரளவு தாங்கி நின்றது. தொட்டால் கருகும் என்றால், பிள்ளை முற்றத்துப் பக்கம் நின்றுதானே தண்ணீர் ஊற்றுவாள்? அந்தப் பக்கமல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? அவள் விரலால் மண்ணைக் கிளறினாள். விரல் இறங்கவில்லை. கறுப்பு மண்ணின் மேல் சாம்பல் நிறத்தில் ஓடு போல ஒன்று இறுகிக் கிடந்தது. தோசைக்கரண்டியைக் கொண்டு வந்து தோண்டினாள். உடைந்த கல், காய்ந்த சாந்து, அதன் கீழே வெண்ணிறப் படலம். வேர்கள் அந்தப் படலத்தில் கருகி ஒட்டியிருந்தன.

அங்கேயே கிடந்த இரண்டு சீமெந்துக் கற்களை அடுக்கி ஏறி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மறுபுறத்தில், மதிலின் அடியில், பெரியம்மாவின் வெட்சியும் அதே மஞ்சளில் நின்றது.

"அக்கா," என்று கூப்பிட்டாள்.

கேதீஸ்வரி சுளகோடு வெளியே வந்தாள். மதிலின் மேல் தங்கையின் தலை மட்டும் தெரிந்ததைக் கண்டு, "என்ன கா, கோழிக் கள்ளன் மாதிரி," என்றாள்.

"ஒங்கட செடிக்கும் செங்கமாரி, அக்கா. ஏன் சொல்லல்ல?"

கேதீஸ்வரி சுளகை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அது... துடக்கு அங்கால இருந்து பட்டிரிக்கும்."

"எதால? பொட்டும் இல்ல, வேலியும் இல்ல. பிள்ளை ஒங்கட வளவுக்கு வந்து ரெண்டு மாசம்."

"காத்தில வராதா?"

"துடக்கு மதிலேறிக் குதிச்சு வந்து தாய்ச்செடியையும் அதிட கன்றையும் ஆளறிஞ்சு பிடிக்கிது. பக்கத்தில நிக்கிற ஒங்கட கத்தரிக்கு ஒண்டும் ஆகல்ல. நல்ல மரியாதையான துடக்கு."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு, "நீ வாயாடி. நான் அடுப்பில சோறு வச்சிற்று வந்தன்," என்று உள்ளே போய்விட்டாள். கதவை மூடவில்லை.

மாலையில் சுதாகரன் வேலையிலிருந்து வந்தான். வந்த கையோடு சாந்து அள்ளும் சவளையும் அதைச் சுமக்கும் தாச்சியையும் கொண்டு போய் மதிலடியில் வைத்து, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். சாம்பல் நிறத் தண்ணீர் மதிலோரமாக வழிந்து, வெட்சியின் அடிக்குள் இறங்கிற்று. மாதக்கணக்காக மாலைதோறும் நடப்பது. இத்தனை நாளும் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் காணவில்லை.

"இஞ்சருங்க," என்றாள் தக்ஷாயினி. "அந்தத் தண்ணி எங்க போகுது எண்டு பாருங்க."

"எங்க போகும், மண்ணுக்குள்ளதான்."

"செடியைக் கொல்லுறது அதுதான். உங்கட மதிலும், நீங்க கழுவி ஊத்திற தண்ணியும்."

சுதாகரன் நிமிர்ந்தான். "விசர்க் கதை கதைக்காத. ஊரெல்லாம் மதில் கட்டுறன். எத்தனை வீட்டில செடி செத்திரிக்கி?"

"எத்தனை வீட்டில நீங்க திரும்பிப் போய்ப் பார்த்த?"

அவன் தாச்சியை மீண்டும் கழுவத் தொடங்கினான். தக்ஷாயினி பக்கத்தில் போய் அவன் வலக்கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கை முழுவதும் வெடிப்பு. விரல் இடுக்குகளில் தோல் வெந்து வெளுத்திருந்தது. படுக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவிவிடுபவள் அவள்தான். ஒவ்வொரு வெடிப்பையும் அறிந்தவள்.

"இது எதால?"

"சீமெந்து திண்டது."

"ஒரு மேசன்ட கையையே திங்கிற சாமான், வெட்சி வேரை மட்டும் தடவிக் குடுக்குமா?"

சுதாகரன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து, மனைவி தோண்டி வைத்திருந்த குழியில் விரலை விட்டு, அந்த வெள்ளைப் படலத்தைக் கிள்ளி எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினான். சுண்ணாம்பின் காரம் அவனுக்குத் தெரியாததா? சீமெந்தை அறிந்த மனிதன். ஒருநாளும் அதைச் செடியோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. பிள்ளையின் மேல் பழி விழுந்தபோது, வேறு காரணம் தேட வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. எத்தனை ஆண்களின் அமைதி இப்படிப் பெண்பிள்ளைகளின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது!

"பிள்ளையைக் கூப்பிடு," என்றான்.

யதுஷா வந்து எட்டத்தில் நின்றாள். கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. மதிலுக்கு அப்பால் கேதீஸ்வரியின் செருப்புச் சத்தம் கேட்டு நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"மனே, செடி உன்னால சாகல்ல. நான் ஊத்தின சீமெந்துத் தண்ணியாலயும் இந்த மதிலாலயும்தான். சாகடிச்சது நான்."

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். முகம் தெளியவில்லை.

"சும்மா சொல்லுறீங்க. நான் அழுவன் எண்டு சொல்லுறீங்க."

"இல்ல மனே. இந்தா, வேரைப் பார்."

அவள் கிட்ட வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்பு மெல்லக் கேட்டாள்:

"அப்பா, அப்ப நாளையில இருந்து நீங்க மரத்தடிக்குப் போகக் கூடாது எண்டு பெரியம்மா சொல்லுவாவா?"

மதிலுக்கு அப்பால் செருப்பு ஒருமுறை மணலில் உரசிற்று.

"உங்கட கை கூடாத கை எண்டு ஆரும் சொல்லுவாங்களா?"

சுதாகரன் தாச்சியைக் கவிழ்த்து வைத்தான். கொன்றவன் ஒப்புக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு வேலியும் இல்லை, விலக்கும் இல்லை. கொல்லாதவள் இரண்டு மாதமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சொல்ல மாட்டாங்க," என்றாள் தக்ஷாயினி. "அதுதான் மனே அநியாயம். வா, செடியைக் கிளப்புவம். கிணத்தடிக்கு மாத்துவம்."

யதுஷா அசையவில்லை. தாயின் காதருகே வந்து, "இண்டைக்கு ஏலாது, அம்மா. இண்டைக்கு எனக்கு..." என்று நிறுத்தினாள்.

தக்ஷாயினிக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பால் ஊற்றி வளர்த்த பயம், ஒரு காலையில் செத்துவிடுமா? நாளைக்குச் செய்யலாம் என்று சொல்ல நா எழுந்தது. நான்கு நாள் பொறுத்தால் அக்காவோடு சண்டையும் இல்லை, செடி பிழைத்தால் பிள்ளைக்கு நல்ல பெயரும் வரும். ஆனால் அப்படிச் செய்தால், இன்று கூடாது என்பதைத் தானே பிள்ளைக்குச் சொன்னதாகிவிடும். அவள் மண்வெட்டியை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"இண்டைக்குத்தான் ஏலும்," என்றாள்.

மதிலுக்கு மேல் கேதீஸ்வரியின் முகம் எழுந்தது. அவளும் எதன் மேலோ ஏறியிருந்தாள். "தக்ஷா, வேணாம் கா. இப்ப தொட்டா அதில இருக்கிற உயிரும் போகும்."

யதுஷா மண்வெட்டியை ஓங்கினாள். முதல் வெட்டு மண்ணில் பதியாமல் சறுக்கியது. தாயோ தகப்பனோ மண்வெட்டியை வாங்கவில்லை. இரண்டாம் வெட்டு இறங்கியது. பிறகு அவள் நிறுத்தவில்லை. சுற்றி வெட்டினாள், கருகிய வேரை நறுக்கினாள், சாந்துக் கட்டியைத் தட்டிக் கழித்தாள். மண்கட்டியோடு செடியை இரு கைகளாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். தகப்பன் குழி வெட்டினான். தாய் சருகு போட்டாள். மண்ணை அமுக்கி மிதித்துத் தண்ணீர் ஊற்றியவள் யதுஷா. ஊற்றும்போதே நான்கைந்து இலைகள் உதிர்ந்தன.

"பார்த்தியா? நான் சொன்ன," என்றாள் மதிலின் மேலிருந்த கேதீஸ்வரி. குரலில் வெற்றி இல்லை. பிள்ளைக்காகப் பட்ட துக்கமே இருந்தது. "இது பிழைக்காது, மனே."

யதுஷா உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினாள். நிமிர்ந்து பெரியம்மாவை நேராகப் பார்த்தாள். மண் படிந்த கைகள் இப்போது முன்னால் இருந்தன.

"பிழைக்காட்டி வேற கொப்பு கொண்டந்து வைக்கிறன், பெரியம்மா. செத்தாலும் இது என்னால சாகல்ல."

கேதீஸ்வரி தன் பக்கத்துச் செடியைக் குனிந்து பார்த்தாள். "தம்பி, என்ட பக்கத்துச் செடியையும் ஒருக்கா வந்து மாத்தி விடு," என்றாள் கடைசியில்.

"நான் இல்ல, மச்சாள். பிள்ளை வரும்."

"வரட்டும். முழுகிற்று வரட்டும்."

"இப்ப வாறன், பெரியம்மா," என்றாள் யதுஷா. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசல் படலையைத் திறந்தாள். கேதீஸ்வரி மதிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. அவள் தன் படலையைத் திறந்தாளா, தாழிட்டாளா என்பது இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. பிள்ளை போய்க்கொண்டிருந்தாள்.

கிணற்றடியில் நட்ட அந்த வெட்சி தளிர்த்ததா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே பிழை. தளிர்த்தால் அவள் நிரபராதி, பட்டால் குற்றவாளி என்று தீர்ப்பெழுதக் காத்திருப்பவர்கள்தாம் அதைக் கேட்பார்கள். ஒரு செடியின் உயிரில் ஒரு பெண்பிள்ளையின் மானத்தைத் தொங்கவிடும் உரிமை எவருக்கும் இல்லை.

சாட்சியாக வந்தவர்களே, சாட்சியாகவே திரும்பிப் போகாதீர்கள். உங்கள் வளவிலும் ஒரு பூமரம் நிற்கும். அதற்கு எட்டத்தில் ஒரு பிள்ளை நிற்பாள். இன்று அவளுக்குத் துடக்கு என்றால் இன்றைக்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முழுகட்டும் என்று சொல்லாதீர்கள், நான்கு நாள் போகட்டும் என்று சொல்லாதீர்கள். தாய்மாரே, உங்கள் பயத்தை வைத்துக்கொண்டே கூப்பிடுங்கள். அது போன பிறகு கூப்பிடலாம் என்றிருந்தால் அது போகாது. தகப்பன்மாரே, உங்கள் பிழையை உங்கள் வாயால், அயல் கேட்கச் சொல்லுங்கள். எழும்புங்கள், முற்றத்துக்குப் போங்கள், அவளைப் பூக் கொய்யச் சொல்லுங்கள்.